புயல் படித்த புத்தகம்

டெப்போவில் அவருக்குப் புயல் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மலைப்பாதை பஸ்ஸைப் பல வருடமாக ஓட்டியவர். வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மறு கையால் மீசையைத் தடவுவார். பின்னால் வருகிற லாரிக்காரன் அளவுக்கு மீறி ஹாரன் அடித்தால், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவன் குடும்பத்தை இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் வழிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் இப்போது லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், தொடை எலும்புக்குள் கம்பி வைத்த காலோடு கட்டிலில் கிடந்தார்.

மழை பெய்த ஒரு காலையில், இறக்கத்தில் பஸ் வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் கொண்டுபோய் மோதினார் புயல். பயணிகள் பின்வாசல் வழியாக இறங்கிவிட்டார்கள். சிராய்ப்பும் வீக்கமும் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நசுங்கிய முன்பக்கம் புயலை மட்டும் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் பிடித்து வைத்துக்கொண்டது. இரும்பை அறுக்கிற ஆட்கள் அடிவாரத்திலிருந்து வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அதுவரைக்கும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இதை ஒரே மாதிரிதான் சொல்வார்.

"என்ன பண்றது, கால்தானே மாட்டிக்கிச்சு, காது மாட்டலையே. ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு. நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அறுக்க வந்தவங்ககிட்ட, இந்தப் பாட்டு முடியட்டும், அப்புறம் அறுங்கன்னு சொன்னேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அதே பஸ்ஸில் இருந்த கண்டக்டர், "அண்ணனுக்கு நெஞ்சுல பயங்கிற பார்ட்டே வைக்கல. கம்பெனியில மறந்துட்டாங்க" என்று ஒத்து ஊதுவார். டெப்போ முழுக்க இந்தக் கதை பரவி, கடைசியில் யாரோ ஒரு பயணி எந்தப் பாட்டு ஓடியது என்றுகூடச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

வந்தவர்கள் போனபிறகு அறை மறுபடி அறையாகிவிடும். ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் மேலிருந்து கீழே இறங்குகிற மூன்று குழாய். மனைவி அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. இருவரும் கிளம்பிப் போனதும் அந்தக் குழாய்களும் அவரும்தான். டி.வி. வெளி அறையில் இருந்தது. போட்டுவிட்டுப் போனால் சத்தம் மட்டும் வரும். போன் தலைமாட்டில் இருந்தது. ஆனால் அதை அவர் அணைத்தே வைத்திருந்தார். எடுத்தால் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, "எப்பண்ணே மறுபடி வண்டி எடுக்கிறீங்க?" என்பதுதான்.

வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பதில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார்.

"திறந்து போட்டுட்டுப் போனா எவனாவது உள்ள வந்துட்டா?" என்று மனைவி கேட்டாள்.

"வந்தா வரட்டும். பேச்சுத் துணைக்காச்சு. சும்மா சாத்திட்டுப் போ."

"காலுக்குப் பயிற்சி குடுக்க வர்ற பிசியோ தம்பிகிட்ட ஒரு சாவி குடுத்துடறேங்க."

"பூட்டாதன்னா பூட்டாத."

அந்தக் குரலுக்குப் பிறகு யாரும் பேசமுடியாது. வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்குப் போகத் தொடங்கியபோதும் அவர் கதவைத் தாழ் போடவில்லை. உள்ளே இருக்கிறேன் என்பதைச் சொல்லச் சும்மா இருமிக்கொண்டே இருப்பார். அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றுதான் மகள் முதலில் நினைத்தாள்.

புத்தகம் அவர் கைக்கு வந்தது ஒரு மின்வெட்டில். விசிறிக்கொள்ள எதையாவது தேடித் தலைமாட்டு அலமாரியைத் துழாவினார். மகளின் புத்தக அடுக்கு அங்கே இருந்தது. நூலக முத்திரை குத்திய, மெல்லிய அட்டை போட்ட ஒன்றை உருவி விசிறினார். கை வலித்ததும் நிறுத்தி, பின் அட்டையைப் பார்த்தார். ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கிற மாதிரி, கண்ணில் பட்டதால் படித்தார். "பதின்பருவ வாசகர்களுக்கான நாவல்" என்று போட்டிருந்தது.

மாலையில் மகள் வந்ததும் கேட்டார். "பாப்பா, பதின்பருவம்னா என்ன? பத்துப் பருவமா? எனக்குத் தெரிஞ்சு மழை, வெயில் ரெண்டுதான்."

"டீன் ஏஜ்ப்பா. பதிமூணுலேருந்து பத்தொம்பது வரைக்கும்."

"அப்ப நான் படிக்கக்கூடாதா?"

"படிக்கலாம். போலீஸ் பிடிக்காது."

இந்தப் பெண்ணுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விடியும் முன் டியூட்டிக்குப் போய், அவள் தூங்கியபின் திரும்பி வந்த காலமே அதிகம். "சாப்ட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்வியில் பத்து வருடத்தை ஓட்டியிருந்தார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. அம்மா வெளியூர் வேலைக்குப் போய்விட, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விடப்படுகிறாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு பாய் உண்டு, தட்டு உண்டு, வாய் கிடையாது. இதை யார் படிப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே புயல் பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் நீளமாகப் படித்ததில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, உதடு அசைய, முதல் கியரில் மேடேறுகிற மாதிரிதான் போனார். நடுநடுவே கல் தட்டும்.

முதலில் தட்டிய கல் "எத்தனித்தாள்" என்பது. பெரியம்மா உள்ளே வந்ததும் அந்தப் பெண் "எழ எத்தனித்தாள்" என்று எழுதியிருந்தது. மகள் இன்னும் வந்திருக்கவில்லை. வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எத்தனித்தாள்னா என்ன?"

"எத்தனை தாளா? ஒரு கட்டுக்கு ஐந்நூறு. எதுக்குக் கேக்கறீங்க?"

"அந்தத் தாள் இல்ல. எழ எத்தனித்தாள்."

"ஏழு கட்டா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விபத்துக்கு அப்புறம் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு அடக்கமாட்டாமல் வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். பிறகு மகள் வந்து, முயற்சி பண்ணுவது, ஆனால் இன்னும் செய்து முடிக்காதது என்று விளக்கினாள். அடுத்த தடவை பிசியோதெரபி செய்கிற இளைஞர் வந்து, "காலைத் தூக்குங்க சார்" என்றபோது, "எத்தனிச்சுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி" என்றார் புயல். இளைஞர் அது வலியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "எந்த இடத்துல சார்?" என்று கேட்டார்.

இப்படியே வார்த்தைகள் வந்து சேர்ந்தன. அலட்சியம் தெரியும், "பொருட்படுத்தாமல்" புதிது. கோபம் தெரியும், "வெகுண்டு" புதிது. அதை வைத்து மகளிடம், "உங்கம்மா இன்னிக்கு வெகுண்டிருக்கா, சத்தம் போடாம இரு" என்பார். "வாஞ்சை" என்பதில்தான் கொஞ்ச நாள் நின்றார். பிரியம் மாதிரி என்று மகள் சொன்னாள். பிறகு தானே யோசித்து, "கையால தொடற பிரியம்ப்பா" என்று திருத்தினாள். மறுநாள் மனைவி வெந்நீரில் துணி நனைத்து அவர் காலைத் துடைத்துவிட்டாள். புத்தக அட்டை ஒட்டுகிற வேகத்தில் மளமளவென்று துடைப்பாள், அதில் ஒரு கனிவும் இருக்காது. ஆனால் எல்லாம் முடிந்து வாளியைத் தூக்குவதற்கு முன்னால் முழங்காலில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். தினமும் அப்படித்தான் தட்டுகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எதையோ சொல்ல வாயெடுத்து, "தண்ணி சூடு பத்தல" என்று மட்டும் சொன்னார்.

பாதிப் புத்தகத்துக்கு மேல் போனபோதுதான் அந்த அத்தியாயம் வந்தது. பெரியம்மாவின் மகன்கள் விளையாட்டாக அந்தப் பெண்ணைச் சாமான் அறையில் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் அவள் சிரிக்கிறாள். பிறகு தட்டுகிறாள். பிறகு கூப்பிடுகிறாள். யாரும் வரவில்லை. "கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் தான் இங்கே இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. குரல் போனபின், நிர்க்கதியாய், கதவின் இடுக்கில் வந்த ஒரு கோடு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."

புயலின் விரல் அந்த வரியிலேயே நின்றது. புத்தகத்தை மூடி வைத்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது, இருந்தும் காற்றே இல்லாத மாதிரி வாயைத் திறந்து மூச்சு விட்டார். வாக்கரை எட்டிப் பிடித்து, தத்தித் தத்தி, வாசல் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். படியேறிப் போன மேல்வீட்டுக்காரர், "என்ன சார், நடக்க ஆரம்பிச்சாச்சா?" என்று விசாரித்தார். அவர் நிலைப்படியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு மாலை டீயில் சர்க்கரை இல்லை என்று கத்தினார். மறுநாள் சர்க்கரை அதிகம் என்று கத்தினார். புத்தகத்தைத் தொடவில்லை. அடையாளத்துக்கு வைத்த பழைய டிக்கெட் அதே பக்கத்தில் நிற்பதை மகள் கவனித்தாள்.

"அங்கயே நிறுத்திட்டீங்களாப்பா?"

"கண்ணு வலிக்குது."

"எனக்கும் அந்த இடம் பயமா இருந்துச்சு. ஒரு வாரம் விட்டுட்டுதான் படிச்சேன்."

"எனக்கென்ன பயம்?" என்றார். கொஞ்ச நேரம் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார். "நிர்க்கதின்னா என்ன?"

"கதின்னா போக்கிடம். நிர்னா இல்லாதது. போறதுக்கு ஒரு வழியும் இல்லாம, கேக்கறதுக்கு ஒரு ஆளும் இல்லாம நிக்கறது."

மகள் போனபிறகு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் ஆரஞ்சுப்பழமும் சந்தோஷமுமாக வந்து சேர்ந்தார்.

"அண்ணே, மேனேஜர்கிட்டப் பேசியாச்சு. டாக்டர் சரின்னு சொன்ன அன்னிக்கே உங்களுக்கு அதே ரூட். வண்டி புதுசு. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. புயல் வந்துதான் பிரிக்கணும்னு மேனேஜரே சொல்லிட்டாரு. முதல் நாள் பூமாலை எல்லாம் ஏற்பாடு."

மனைவியின் முகம் மலர்ந்தது. "டீ போடறேன், இருங்க தம்பி" என்று எழுந்தாள். மகள் கதவோரம் நின்றிருந்தாள். எல்லோரும் புயலின் வாயைப் பார்த்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் அவர் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பார்.

"ரேடியோ ஓடல" என்றார் புயல்.

"எந்த ரேடியோங்க?" என்றாள் மனைவி.

"வண்டில. அன்னிக்கு. ரேடியோ ஓடல."

அவர் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே பேசினார். "நான் கத்தினேன். எவ்வளவு நேரம்னு தெரியல. எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க, கண்ணாடி வழியா தெரியுது, ஆனா என் சத்தம் அவங்களுக்குக் கேக்குதா இல்லையான்னு தெரியல. அப்புறம் தொண்டை கட்டிப்போச்சு. அப்புறம் மழை வேகமா வந்துச்சு, யாருமே தெரியல. சின்னப் புள்ள மாதிரி... எல்லாம் ஆயிடுச்சு. அது பேரு என்னன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இந்தப் பாப்பாவோட புஸ்தகத்துல போட்டிருக்கு. நிர்க்கதின்னு." நிறுத்தினார். "என்னால இனி வண்டிக்குள்ள உக்கார முடியாது. மாலையெல்லாம் வேணாம்னு சொல்லிடு தம்பி."

கண்டக்டர் கையிலிருந்த பழப்பையைக் கீழே வைத்தார். அவர் சொன்னதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

"தெரியும்ணே. மோதினதுமே பேட்டரி போயிடுச்சு. எங்கேருந்து ரேடியோ பாடும்?" கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "நீங்க என் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. கேட்டுச்சு. டீசல் ஒழுகிக்கிட்டிருந்துச்சு, பத்திக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குக் கிட்ட வரப் பயம். ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரில நீங்க பாட்டுக் கதையச் சொன்னதும், சரி, அண்ணனுக்கு இது போதும்போலன்னு நானும் சேந்து சொல்லிட்டேன். எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

"நீ வந்திருந்தா ரெண்டு பேரா மாட்டியிருப்போம்" என்றார் புயல். கண்டக்டர் டீ குடிக்காமலே கிளம்பிப் போனார்.

மனைவி அன்று பகல் முழுக்க அவரோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஊருக்கு ஒரு கதை சொன்னீங்க, சரி. எனக்கும் அதே கதைதானா?"

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பயந்துட்டேன்னு சொல்றது. அதுக்குப் புஸ்தகம் படிக்கணுமா? அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா?"

பயம் என்பது தெரிந்த வார்த்தைதான். அது மற்றவர்களுக்கு உரியது என்று வைத்திருந்தார், அவ்வளவுதான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கதவைத் தாழ் போடாதது, வெளியே பூட்டவிடாதது, குளியலறை இருமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். சளி மருந்து வாங்கி ஊற்றினேனே என்று சொல்லும்போது அழுதாள்.

மீதிப் புத்தகத்தை அவர் படித்து முடித்தார். முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா திரும்பி வந்ததும் அந்தப் பெண் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறாள். "சாமான் ரூம்ல பூட்டினவனுங்களையும் மன்னிக்கணுமா, எழுதினவங்க ஒருநாள் உள்ள இருந்து பாக்கட்டும்" என்றார். அவள் மன்னித்தது தனக்காகத்தான் என்று மகள் வாதாடினாள். இரண்டு நாள் சண்டை நடந்தது. நூலகத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டிய தேதி தாண்டிவிட்டதால், தகராறு தீராமலேயே அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

டெப்போ அவரை லேசில் விடவில்லை. "புயலே இப்படிச் சொன்னா மத்தவன் என்ன சொல்வான்?" என்றார் மேனேஜர். கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்புறம் என்ன என்று கேட்டார். மனசுக்கு ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அந்த டாக்டர் மறுபடி மறுபடி வரச் சொன்னார். கடைசியில் டெப்போ முற்றத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்துகிற வேலை கிடைத்தது. விசில் ஊதி, கை காட்டி, பின்னால் வா, இன்னும் வா, நிறுத்து என்று சொல்கிற வேலை. தலைக்கு மேல் வானம்தான். இளவயது டிரைவர்கள் சிலர் புயல் என்று கூப்பிடும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அவர் விசிலை வாயில் வைத்துக்கொள்வார். புதிய வண்டியை வேறொருவர் எடுத்தார். முற்றத்தில் அது நின்றால் சுற்றிக்கொண்டுதான் போவார். டிரைவர் சீட்டுப் பக்கம் போகமாட்டார்.

கால் நன்றாகத் தேறியபிறகு, மனைவியின் அக்கா வீட்டுக்கு ஒருநாள் போகவேண்டியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸை விட்டால் வழியில்லை. வாசலை ஒட்டிய சீட்டில் அவரை உட்காரவைத்து, மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடு ஏறும்வரை சரியாகத்தான் இருந்தார். இறக்கம் ஆரம்பித்ததும் அவர் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. வளையல் அழுந்தியும் அவள் கையை இழுக்கவில்லை. இரண்டாவது வளைவு வந்தது.

"இறங்கிடலாமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் தலையசைத்தார். அவளே எழுந்து போய் அந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் சொன்னாள். பஸ் ஓரமாக நின்று, அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் கடையில்லை, நிழலில்லை. ஒரு மைல்கல்லும் தடுப்புச் சுவரும்தான். அடுத்த பஸ் எப்போது என்பது அவருக்கு மனப்பாடம். வர நெடுநேரம் ஆகும்.

"நடக்கலாமா, நிக்கலாமா?" என்றாள்.

"கொஞ்சம் நிப்போம்" என்றார் புயல். அவருடைய மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவள் தடுப்புச் சுவரின் தூசியை முந்தானையால் தட்டிவிட்டு அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.